45 நாளில் முதல் இடமா? முதலில் பழைய முகவரிகளைத் தேடுங்கள்

கேள்வி: தொழிற்கூடங்களுக்கு எலக்ட்ரானிக் தராசு விற்கிறோம், பழுதும் பார்க்கிறோம். ஆறு ஆண்டுகளாக எங்கள் இணையதளம் கூகுளில் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. ஏழு மாதங்களுக்கு முன் தளத்தைப் புதிதாக வடிவமைத்தோம். அதற்குப் பிறகு விசாரித்து வரும் அழைப்புகள் பாதியாகிவிட்டன. தேடலில் தளங்களை மேலே கொண்டுவருவதைத் தொழிலாகச் செய்யும் ஒரு எஸ்.இ.ஓ. நிறுவனம் ஆயிரம் பேக்லிங்க் போட்டு 45 நாளில் முதல் இடம் வாங்கித் தருகிறேன், உத்தரவாதம் எழுதியே தருகிறேன் என்கிறது. பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இந்த ஒன்றை மட்டும் இன்றே முடிவு செய்துவிடுங்கள்.

விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆறு ஆண்டு நன்றாக ஓடிய தளம், வடிவத்தை மாற்றியதும் விழுந்திருக்கிறது. பேக்லிங்க் என்பது மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு. உங்களுக்கு இருந்த அந்த இணைப்புகளை அந்த மாதம் யாரும் வந்து பிடுங்கிவிடவில்லை. போட்டியாளர்கள் எல்லாரும் ஒரே நாளில் விழித்துக்கொள்ளவும் இல்லை. மாறியது உங்கள் தளம் மட்டும்தான். கால் சுளுக்கியவரிடம் மூக்குக்கண்ணாடி விற்க வந்திருக்கிறார் அந்த எஸ்.இ.ஓ. ஆள்.

தளத்தில் என்ன மாறியிருக்கும்? கூகுள் கணக்கு வைத்திருப்பது பக்கங்களின் முகவரிகளை வைத்து. ஆறு ஆண்டுகளில் உங்கள் பக்கங்கள் சம்பாதித்த நல்ல பெயர் எல்லாம் அந்த முகவரிகளின் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது. பழைய தளத்தில் 'தராசு பழுது' என்று முடிந்த முகவரி, புதிய தளத்தில் 'சேவைகள்' என்று மாறியிருக்கும். உங்கள் கண்ணுக்கு அதே பக்கம். கூகுளைப் பொறுத்தவரை பழைய பக்கம் செத்துவிட்டது, நேற்றுப் பிறந்த வேறொரு பக்கம் வந்திருக்கிறது. தளம் புதுப்பித்தவர்களிடம் நான் பார்க்கும் சரிவுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

உறுதிப்படுத்திக்கொள்வது எளிது. கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி இருக்கிறது. உங்கள் தளத்தில் முன்பே அதை இணைத்திருந்தால், புதுப்பிப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தையும் பிந்தைய மூன்று மாதத்தையும் அதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது 16 மாத விவரம்தான் வைத்திருக்கும். உங்களுக்கு ஏழு மாதம் போய்விட்டது, ஆகவே இந்த வாரமே அந்த விவரங்களைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடும்போது இரண்டு எண்களைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று இம்ப்ரெஷன், அதாவது தேடியவர்களின் திரையில் உங்கள் பெயர் எத்தனை முறை வந்தது என்பது. இன்னொன்று கிளிக். இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் நான் சொன்ன முகவரிச் சிக்கல். இம்ப்ரெஷனும் இடமும் அப்படியே இருந்து கிளிக் மட்டும் விழுந்திருந்தால் நோய் வேறு. 2024 முதல் கூகுள் முடிவுகளின் தலையில் ஏ.ஐ. எழுதிய பதிலைக் காட்டத் தொடங்கியிருக்கிறது. அதோடு விளம்பரங்களும் சேர்ந்தால், முதல் இடத்தில் இருப்பவரே கைபேசியில் இரண்டு முறை தள்ளினால்தான் கண்ணில் படுகிறார். ஆறு ஆண்டு உழைத்து வாங்கிய முதல் இடத்துக்கு இன்றைய மதிப்பு அவ்வளவுதான். அதை நீங்களோ நானோ சரிசெய்ய முடியாது.

இன்னொரு சிறிய சோதனை. தளம் கட்டும்போது அரைகுறை வேலை வெளியே தெரியக்கூடாது என்று தேடுபொறிகளைத் தடுத்து வைப்பார்கள். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் அதற்கு ஒரே ஒரு டிக் போதும். வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்துவிடுவார்கள். உங்கள் அழைப்புகள் பாதியாவது வருகின்றன என்பதால் முழுத் தளமும் தடையில் இருக்க வாய்ப்பில்லை. சில பக்கங்கள் மட்டும் மாட்டியிருக்கலாம், தளம் கட்டியவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு நிரந்தர வழிமாற்றம் போட வேண்டும். தொழிலில் இதை 301 ரீடைரக்ட் என்பார்கள். உங்கள் தளம் கட்டியவரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் போதும், அவருக்குப் புரியும். புரியவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். பழைய முகவரிகளின் பட்டியல் எங்கே கிடைக்கும்? சர்ச் கன்சோலில் 404, அதாவது 'பக்கம் இல்லை', என்று காட்டும் பக்கங்களில் பாதி கிடைத்துவிடும். மீதிக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் உங்கள் தள முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஓராண்டுக்கு முந்தைய உங்கள் தளமே அங்கே இருக்கக்கூடும். இந்த வழிமாற்றங்களைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்கவே எடுக்காதீர்கள் என்கிறேன் நான்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. இதில் தவறாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நேரான பக்கம் இல்லாத பழைய முகவரியை என்ன செய்வது? சோம்பேறி வடிவமைப்பாளர் ஒரே வரியில் வேலையை முடித்துவிடுவார்: காணாமல்போன எல்லா முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார். பார்க்கச் சுத்தமாக இருக்கும், 404 பட்டியலும் காலியாகிவிடும். ஆனால் குறிப்பிட்ட ஒரு தராசின் பேட்டரியைத் தேடி வந்தவர் முகப்பில் போய் நின்று விழிப்பார், பிறகு போய்விடுவார். கூகுளும் ஏமாறுவதில்லை. கேட்ட பக்கத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்துக்கு அனுப்பினால் அதை 'சாஃப்ட் 404' என்று குறித்து, பக்கம் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். ஆக, அந்த ஒரு வரியால் பயன் எதுவும் இல்லை.

உங்கள் தொழிலில் இது மூன்று விதமாக வரும். பழைய மாடலை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் புது மாடல் விற்கிறீர்கள் என்றால், பழைய முகவரியைப் புது மாடலின் பக்கத்துக்குத் திருப்பலாம். மாடலை விற்பதில்லை, ஆனால் பழுதுக்கு வந்தால் பார்க்கிறீர்கள் என்றால் திருப்பாதீர்கள், அந்தப் பக்கத்தைத் திரும்ப உயிர்ப்பியுங்கள். 'இந்த மாடல் இப்போது வருவதில்லை, சர்வீஸ் செய்து தருகிறோம்' என்று எழுதி அதே முகவரியில் வையுங்கள். அந்த மாடலின் பெயரைப் போட்டுத் தேடுபவர் யார்? அதைக் கையில் வைத்துக்கொண்டு அவதிப்படுபவர்தானே! அவரைவிட நல்ல வாடிக்கையாளர் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. மூன்றாவது வகை, விற்பதும் இல்லை, பழுது பார்ப்பதும் இல்லை, வேறு யாரும் அந்தப் பக்கத்துக்கு இணைப்பும் கொடுக்கவில்லை. அதைச் சாக விடுங்கள். 404 என்று காட்டட்டும். 404 இருந்தாலே கூகுள் தண்டிக்கும் என்று பயமுறுத்திப் பணம் கேட்பவர்கள் உண்டு. இல்லாத பக்கத்தை இல்லை என்று சொல்வதற்குத் தண்டனை கிடையாது.

புது வடிவமைப்பில் இன்னொரு இழப்பும் நடந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். வடிவமைப்பாளர்களுக்கு எழுத்து என்றால் ஆகாது. பழைய தளத்தில் தராசு ஏன் பூஜ்யத்துக்கு வரவில்லை, எடை ஏன் ஏறி இறங்கித் தள்ளாடுகிறது, எடையை உணரும் லோடு செல் போய்விட்டதா பேட்டரி போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் நீங்கள் எழுதியிருந்திருக்கலாம். 'இவ்வளவு எழுத்தை யார் படிப்பார்கள்' என்று அதைத் தூக்கிவிட்டு, கைகுலுக்கும் இரண்டு பேரின் படத்தைப் போட்டிருப்பார்கள். உங்களைத் தேடி வந்தவர்கள் அந்த எழுத்தைத் தேடித்தான் வந்தார்கள். வேபேக் மெஷினிலிருந்து எடுத்துத் திரும்பப் போடுங்கள். அப்படி எழுதியிருக்கவே இல்லையென்றால் இப்போது எழுதுங்கள். தொலைபேசியில் உங்களிடம் தினமும் கேட்கிறார்களே, அந்தக் கேள்விகளை, அவர்கள் சொல்லும் வார்த்தைகளிலேயே. ஏ.ஐ.யிடம் கொடுத்து ஒரே நாளில் இருநூறு கட்டுரை தயாரித்துக் கொட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தேடலில் இடம்பிடிப்பதற்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை 2024 மார்ச் முதல் கூகுள் ஸ்பேம் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

அப்புறம் அந்த ஆயிரம் பேக்லிங்க். ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு இணைப்பு கொடுப்பதை ஓட்டு மாதிரி எண்ணும் பேஜ்ரேங்க் முறையை 1998இல் லாரி பேஜும் செர்கே பிரினும் கொண்டுவந்தார்கள். ஓட்டு என்று வந்தால் விலைக்கு விற்பவர் வராமல் இருப்பாரா? வந்தார்கள். அவர்களை அடக்க 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. முதலில் விலைக்கு வாங்கியவர்களைக் கீழே தள்ளியது. 2016க்குப் பிறகு பெரும்பாலும் அந்த இணைப்புகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. உங்கள் அதிர்ஷ்டம் நன்றாக இருந்தால் ஆயிரம் இணைப்புக்கும் பலன் பூஜ்யம், பணம் மட்டும் போகும். அதிர்ஷ்டம் இல்லையென்றால் கூகுள் ஆட்களே பார்த்துத் தளத்தின் மேல் கைமுறை நடவடிக்கை எடுப்பார்கள். பிறகு அந்த இணைப்புகளை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு தளத்துக்காரரிடமும் கெஞ்சிவிட்டு, மறுபரிசீலனைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

உத்தரவாதம் எழுதித் தருகிறாரே என்கிறீர்கள். முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. பிறகு இவர்கள் எப்படி நிறைவேற்றுகிறார்கள்? யாருமே தேடாத ஐந்தாறு சொல் கொண்ட ஒரு தொடரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் போட்டியே இல்லை, நீங்கள் முதலில் வருவீர்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பி மீதிப் பணம் கேட்பார்கள். சிலர் உங்கள் பணத்திலேயே விளம்பரம் ஓட்டிவிட்டு, மேலே வந்துவிட்டது பாருங்கள் என்பார்கள். விளம்பரத்துக்குக் கட்டும் பணம் சாதாரணத் தேடல் வரிசையை ஒரு படிகூட உயர்த்தாது. இன்னும் சிலர் 'டொமைன் அத்தாரிட்டி' 12லிருந்து 30 ஆகிவிட்டது என்று வரைபடம் காட்டுவார்கள். அது மோஸ் என்ற தனியார் நிறுவனம் தானாகக் கணக்கிடும் எண். கூகுள் அதைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் நிரலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் எழுதும் தேடுசொற்களான மெட்டா கீவேர்ட் நிரப்பித் தருகிறேன் என்று இன்றும் ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009லேயே கூகுள் அறிவித்துவிட்டது.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் சாவி பற்றியது. என்னிடம் வந்த ஒருவருக்குத் தளத்தின் முகவரியான டொமைன் பெயரே இடைத்தரகரின் பெயரில் பதிவாகியிருந்தது. சர்ச் கன்சோலின் உரிமையும் தரகரிடம்தான். மாதச் சந்தாவை நிறுத்தியதும் தளம் இருண்டுபோனது. பத்தாண்டு தொழில் நடத்தியவர் தன் சொந்தப் பெயரைத் திரும்ப வாங்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். உங்கள் டொமைன் யார் பெயரில், யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். வெளியாளுக்கு சர்ச் கன்சோலில் பயனர் அனுமதி கொடுத்தால் போதும், உரிமையாளர் நீங்களாகவே இருங்கள்.

இந்தத் தரகர்கள் பிழைப்பதற்குக் கூகுளும் ஒரு காரணம். தளம் காணாமல்போன வியாபாரிக்குக் கூப்பிட்டுக் கேட்க ஓர் எண் கிடையாது. சர்ச் கன்சோலைத் திறந்தால் 'கண்டறியப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை' என்று ஒரு வரி இருக்கும். அதாவது பக்கம் இருப்பது தெரியும், தேடல் பட்டியலில் இன்னும் சேர்க்கவில்லை. ஏன் செய்யப்படவில்லை? எப்போது செய்வார்கள்? நீங்கள் என்ன செய்ய வேண்டும்? ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்த மௌனத்தில்தான் 45 நாள் ஆசாமி வந்து உட்காருகிறார். அவராவது போனை எடுக்கிறாரே என்று மக்களும் பணம் கட்டிவிடுகிறார்கள். இண்டெக்ஸ் செய்யக் கோரும் பொத்தான் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு முறை அழுத்தினால் போதும், திரும்பத் திரும்ப அழுத்துவதால் வரிசையில் முன்னே போக முடியாது.

தளத்தின் வேகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது உங்களிடம் கிளப்புவார்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிந்துவிட்டால் போதும். அதற்கு மேல் வேகச் சோதனையில் நூற்றுக்கு நூறு மதிப்பெண் வாங்கச் செலவழிக்காதீர்கள்.

எல்லாம் செய்தபின் எவ்வளவு நாளாகும்? வழிமாற்றங்களைக் கூகுள் கவனிக்கவே சில வாரங்கள் எடுக்கும். திருப்பி எழுதிய பக்கங்கள் நிலைபெறச் சில மாதங்கள் ஆகும். ஏழு மாதம் கெட்டுப்போயிருப்பதால் பழைய இடம் முழுதாகத் திரும்பும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். தந்தால் எனக்கும் அந்த 45 நாள்காரருக்கும் வித்தியாசம் இல்லை. வழிமாற்றம் போட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து அதே சர்ச் கன்சோலில் பழுது சம்பந்தமான பக்கங்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வியாபாரத்தில் முதலில் அசைய வேண்டியவை அவைதான்.