இறுக்கிப் பிடிப்பது – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

நாற்பது வயதுக்கு மேல் டேபிள் டென்னிஸ் ஆடத் தொடங்கியவன் நான். பேட்டை எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பதில் இன்னும் தெளிவில்லை. குருவியைப் பிடிப்பதுபோல என்கிறார் ஒருவர், பத்துக்கு மூன்று என்கிறார் இன்னொருவர். இறுக்காமல் அடித்தால் வேகம் இல்லை, இறுக்கினால் அரை மணி நேரத்தில் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. பேனாவைப் பிடிப்பதுபோலப் பேட்டைப் பிடிக்கிற பென்ஹோல்டுக்கு மாறினால் சரியாகுமா? கைப்பிடியில் டேப் சுற்றலாமா? என் பத்து வயது மகனும் ஆடுகிறான். ஒரு போட்டியில் பேட் அவன் கையை விட்டே பறந்துவிட்டது. அதிலிருந்து அவன் ஆடும்போதெல்லாம் வெளியே நின்று "இறுக்கிப் பிடிடா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பயிற்சியில் நன்றாக ஆடுகிறவன் போட்டியில் சொதப்புகிறான். பத்துக்கு எத்தனை என்று நீங்களாவது திட்டவட்டமாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்தக் கேள்வியை நானே கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது நீங்கள் கேட்ட கேள்வி இல்லை, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த "இறுக்கிப் பிடிடா". அதற்கு வருகிறேன்.

பென்ஹோல்டுக்கு மாறுவதை மறந்துவிடுங்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஆண்கள் இறுதியில் மோதிய ரியூ சியுங்-மின், வாங் ஹாவ் இருவருமே பென்ஹோல்ட்காரர்கள்தான், ஆனால் பேக்ஹேண்டை இருவரும் வேறு வேறு விதமாக ஆடினார்கள். ரியூ பேட்டின் முன்பக்கத்தாலேயே சமாளித்தார், வாங் ஹாவ் பின்பக்கத்தால் அடித்தார். எந்தப் பிடியாக இருந்தாலும் கையை முறுக்கிக்கொண்டு ஆடுகிறவருக்கு அது உதவாது. இன்னொரு பிடிக்குப் போனாலும் இதே இறுக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டு போவீர்கள்.

பத்துக்கு எத்தனை என்று நான் சொல்லப்போவதில்லை. தெரியாமல் இல்லை, அந்தக் கேள்வியே உங்களைக் கெடுக்கிறது. குருவி உவமையில் எனக்கு இருக்கும் சண்டையும் இதுதான். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் குருவியைக் கையில் வைத்திருக்கும் வரை ஒரே அளவாகத்தான் பிடித்திருப்போம். பேட் அப்படி இல்லை. ஒரே ரேலிக்குள், அதாவது ஒரு பாயிண்டுக்காகப் பந்து போய்வருகிற நேரத்துக்குள், பிடி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அடிப்பதற்காகக் கை பின்னால் போகும்போது பிடி தளர்ந்திருக்கும், பந்தைத் தொடுவதற்குச் சற்று முன் விரல்கள் தாமாகக் கூடும், தொட்டு முடிந்ததும் மறுபடி தளரும். எதிராளியின் சுழலை அடக்கிச் சின்னதாக வைக்கிற பந்துக்கு அந்தக் கூடுதல்கூடத் தேவையில்லை. சர்வீஸ் போடும்போது தேர்ந்த ஆட்டக்காரர்களின் கையைப் பாருங்கள். கடைசி மூன்று விரல்களைக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் பேட்டைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டைச் சுழற்றுவார்கள், பந்து போனதும் பழைய பிடிக்குத் திரும்பிவிடுவார்கள். இதில் எந்த நொடிக்கு நான் எண் சொல்வது?

இறுக்காவிட்டால் வேகம் வராது என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்தின் எடை 2.7 கிராம். இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டிய பேட் சுமார் 180 கிராம் வரும். அறுபது மடங்குக்கு மேல். டென்னிஸில் 300 கிராம் ராக்கெட்டை நோக்கி ஏறக்குறைய 57 கிராம் பந்து வருகிறது, ஐந்து மடங்குதான் வித்தியாசம், அங்கே பந்து ராக்கெட்டைத் திருப்பிவிடும் என்று பயப்படுவதில் நியாயம் உண்டு. இங்கே அந்தப் பந்து உங்கள் பேட்டை என்ன செய்துவிடும்? அதுவும் பந்து ரப்பரில் இருப்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி. பட்டதைக் கை உணர்வதற்குள் பந்து போய்விட்டது. பட்ட பிறகு இறுக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை, படும்வரை பேட் எவ்வளவு வேகமாக வந்தது, எந்தக் கோணத்தில் வந்தது என்பதுதான் எல்லாம். இறுக்கம் அந்த இரண்டையும் கெடுக்கிறது.

எப்படி என்று இப்போதே பார்க்கலாம். இடது கையை வலது முன்கையின் மேல், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கமாக வையுங்கள். வலது கையை இறுக்கமாக மூடுங்கள். விரலை மடக்குவது உள்பக்கத் தசைகளின் வேலைதான், ஆனால் வெளிப்பக்கமும் கல்லாக ஆவது தெரிகிறதா? உள்பக்கத் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து மடக்கப் பார்க்கும், அதைத் தடுக்க வெளிப்பக்கத் தசைகளும் இழுத்துப் பிடிக்கின்றன. இரண்டு பக்கமும் இழுத்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். பூட்டிய மணிக்கட்டோடு டாப்ஸ்பின், அதாவது பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் அடி, நன்றாகப் போட முடியாது. அந்த வெளிப்பக்கத் தசைகள் எலும்போடு சேரும் இடம்தான் உங்களுக்கு வலிக்கிற இடம். உங்கள் வலிக்கு வேறு காரணமும் இருக்கலாம், தயவுசெய்து ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள், வலியோடு ஆடுவது வீரம் ஒன்றும் இல்லை.

சரி, இப்போது அந்த "இறுக்கிப் பிடிடா".

நான் சிறு வயதில் ஆடிய கூடத்தில் ஒரு பெண் இருந்தாள். இடது கைக்காரி. அப்படி ஒரு ஃபோர்ஹேண்டை நான் அருகிலிருந்து பார்த்தது அவளிடம்தான். கலப்பு இரட்டையரில் நானும் அவளும் சேர்ந்து ஆடுவோம், அவள் அடிக்கும்போது ஒதுங்கி நின்று பார்ப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். பயிற்சியில் அவளை யாராலும் நெருங்க முடியாது. போட்டி என்றால் அவளுடைய அப்பா தடுப்புக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். நல்ல மனிதர், மகள் மேல் உயிரையே வைத்திருந்தவர். "விடாதே, கெட்டியாப் பிடி, விடாதே" என்று ஒவ்வொரு பாயிண்டுக்கும் குரல் வரும். அந்தக் குரல் வர வர அவள் தோள் ஏறும், பிறகு முழங்கை உடம்போடு ஒட்டும், பிறகு விரல் கணுக்கள் வெளுக்கும், இந்த வரிசை மாறியதே இல்லை. வியர்த்த உள்ளங்கையை வலை ஓரத்தில் மேசை மேல் துடைப்பது எல்லோரும் செய்வதுதான், அவள் அதைச் செய்யும்போது விரல்கள் நேராகவே வராது. ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் மேசையைப் பார்க்க மாட்டாள், அப்பாவைத்தான் பார்ப்பாள். பத்தாம் வகுப்பு வருவதற்குள் ஆட்டத்தை விட்டுவிட்டாள். படிப்புக்காக என்று சொன்னார்கள். நான் அதை நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

உங்கள் மகன் பயிற்சியில் நன்றாக ஆடுகிறான், போட்டியில் சொதப்புகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறுகிறது என்று யோசித்தீர்களா? மேசை அதே 2.74 மீட்டர்தான், வலை அதே 15.25 சென்டிமீட்டர்தான். ரேலி நடக்கும்போது வெளியிலிருந்து ஆலோசனை சொல்ல ஆட்ட விதியே அனுமதிப்பதில்லை, அது உங்களுக்கும் பொருந்தும். பத்து வயதுப் பிள்ளையின் காதில் "இறுக்கிப் பிடி" என்பது விரலுக்கான குறிப்பாகவே போய்ச் சேராது, "நீ விட்டுவிடுவாய் என்று அப்பா பயப்படுகிறார்" என்றுதான் போய்ச் சேரும். அந்தப் பயத்தை அவன் கை வாங்கிக்கொள்கிறது. நீங்கள் அன்பால்தான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். அவரும் அன்பால்தான் சொன்னார். நிறுத்துங்கள்.

ஒரு பேட் பறந்தால் என்ன? யார் மேலும் படவில்லை என்றால் எடுத்துக் கொடுத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள். ஆட்டம் முழுக்க இறுக்கியே பிடித்திருந்தால் விரல்கள் சோர்ந்து, வேண்டிய நேரத்தில் பிடி கொடுக்காது, உள்ளங்கையும் வியர்க்கும், பேட் நழுவ அதுவே போதும். அவனுக்குப் பழக்க வேண்டியது விடுவதைத்தான். பிடிப்பதை எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறார்கள், விடுவதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது என் பழைய ஆதங்கம். ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் பேட்டை மற்றக் கைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆடிய கையை உதறட்டும், விரல்களை விரிக்கட்டும், ஒரு மூச்சு விடட்டும். ஆறு பாயிண்டுக்கு ஒருமுறை துண்டால் துடைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது, வியர்க்காவிட்டாலும் போய்த் துடைத்துக்கொள்ளட்டும். பயிற்சியில் நீங்கள் அவன் பக்கத்தில் நின்று, ரேலி முடிந்த கணத்தில் பேட்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள். எளிதாகக் கையோடு வந்துவிட வேண்டும். வராவிட்டால் திட்டாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சில வாரங்களில் தானாக வரும். உங்களுக்கும் இதேதான், உங்கள் பேட்டை இழுத்துப் பார்க்க அவனிடம் சொல்லுங்கள்.

டேப் கேட்டிருந்தீர்கள். வியர்த்து வழுக்கினால் உங்கள் பேட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். மகனுடையதில் வேண்டாம், அவன் விரல் நீளத்துக்கு இப்போதுள்ள கைப்பிடியே தடிமனாக இருக்கக்கூடும். அடுத்த பேட் வாங்கும்போது அவனையே கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லி, மெல்லிய கைப்பிடியாக வாங்குங்கள்.

அன்புடன்.