எத்தனை நாள், எவ்வளவு இடைஞ்சல்? மனநலம் பற்றிய கேள்வி பதில்

வணக்கம். உணர்ச்சிகளை நாம் எப்படிக் கையாளுகிறோம், அதில் எது பாரத்தைக் குறைக்கிறது, எது கூட்டுகிறது என்பதுதான் நான் ஆராய்ச்சி செய்யும் விஷயம். பலர் ‘டாக்டர்’ என்று போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவ உளவியலாளர். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர் இல்லை. அதனால் மருந்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன். சரி, கேள்விகளுக்குப் போகலாம்.

கேள்வி: மேடம், எல்லோருக்கும்தான் சோகம் வருகிறது. அது மனச்சோர்வு நோய் என்று எப்போது சொல்வீர்கள்?

நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம்: எத்தனை நாளாக, எவ்வளவு இடைஞ்சல். நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடப்பது, அல்லது முன்பு பிடித்தது எதிலும் நாட்டமே இல்லாமல் போவது, இதில் ஒன்றாவது கிட்டத்தட்ட தினமும் குறைந்தது இரண்டு வாரம் இருக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, கவனம் கெடுவது, ஓயாத அசதி, காரணமில்லாத குற்ற உணர்ச்சி என்று வேறு சிலதும் சேர்ந்து, வேலையையும் உறவுகளையும் பாதிக்க வேண்டும். அழுகை வருகிறதா என்பது அளவுகோல் இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், ‘எதுவுமே தோணல’ என்று சொல்பவர் கடுமையான மனச்சோர்வில் இருக்கக்கூடும்.

கேள்வி: இணையத்தில் ஒன்பது கேள்வி கொண்ட ஒரு படிவத்தை நிரப்பினேன். 14 மதிப்பெண் வந்தது. எனக்கு நோய் உறுதியா? பயமாக இருக்கிறது.

நீங்கள் நிரப்பியது அநேகமாக பிஎச்கியூ-9, மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் படிவம். 2001இல் வெளியானது, உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஒரு நிபுணர் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். நோய் உறுதி என்று அர்த்தமில்லை. தைராய்டு குறைவு, ரத்தசோகை இருந்தால்கூட அசதிக்கும் தூக்கத்துக்கும் உரிய மதிப்பெண் ஏறிவிடும். உங்கள் 14 நடுத்தர அளவு. பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். படிவம் கைக்கு வந்ததும் நான் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, கடைசிக் கேள்வியைத்தான் பார்ப்பேன். செத்துவிட்டால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்பது அது. அங்கே 0 தவிர வேறு எதில் டிக் இருந்தாலும், மற்ற வேலை நிற்கும், அதைப் பற்றி அங்கேயே பேசுவோம். மொத்தம் 5தான் என்றாலும் அப்படித்தான். வீட்டில் தனியாக நிரப்புகிறவருக்கு அப்படிக் கேட்க எதிரில் ஆள் இல்லை. அந்தக் கட்டத்தில் உங்கள் டிக் விழுந்திருந்தால் இன்றே ஒருவரிடம் பேசுங்கள்.

கேள்வி: படுத்தால் போதும், நடந்த ஒரே விஷயம் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ‘நினைக்காதே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் நிற்கவில்லை.

சொல்லிக்கொள்வதால்தான் நிற்கவில்லை. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். நினைவு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமானது அடுத்த கட்டம்: இனி தாராளமாக நினைக்கலாம் என்றதும், முதலில் அடக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு, ஆரம்பத்திலிருந்தே நினைக்க விட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது.

நீங்கள் சொல்லும் இந்தச் சுழற்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹெக்செமா என்ற உளவியலாளர். மனம் சோர்ந்தபோது அதன் காரணத்தையும் விளைவையும் விடாமல் அசைபோடுகிறவர்களுக்குச் சோர்வு நீளுகிறது என்று காட்டியவர். அசைபோடும்போது ஏதோ பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டிருப்பதாகவே நமக்குத் தோன்றும், அதுதான் சிக்கல். வித்தியாசம் கண்டுபிடிக்க நான் பார்ப்பது கேள்வியின் வடிவத்தை. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்ற கேள்விக்குப் பதில் கிடையாது, இரவு முழுக்க ஓடும். ‘நாளைக்கு அவரிடம் முதல் வாக்கியமாக என்ன சொல்வது?’ என்பதற்குப் பதில் உண்டு, கிடைத்ததும் மனம் நகர்ந்துவிடும்.

கவலைக்கென்று தனி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். 1980களிலேயே சோதித்துப் பார்த்த முறை. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம், படுக்கப் போகும் நேரத்துக்கு முன்னதாக. மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி எழுதிவைத்து அந்த அரை மணிக்குத் தள்ளிவிட வேண்டும். இதில் நினைப்பை அடக்கவில்லை, ஒத்திப்போடுகிறோம். அப்புறம், இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது திரும்பி வாருங்கள். படுக்கை என்றாலே கவலை என்ற பழக்கம் அப்படித்தான் உடையும்.

கேள்வி: சிபிடி என்பதும் ‘பாசிட்டிவா யோசி’ என்று சொல்வதும் ஒன்றுதானே?

இல்லை. சிபிடி என்பது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை. 1960களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் தொடங்கிவைத்த அந்த முறையில், வந்த எண்ணத்தை அப்படியே நம்பாமல் சோதிப்போம். ‘மேலாளர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, வேலை போகப்போகிறது.’ இதற்கு என்ன ஆதாரம், எதிர் ஆதாரம் என்ன, வேறு எப்படிப் பார்க்கலாம்? சோதித்துப் பார்த்து, வேலை உண்மையிலேயே போகும் நிலை என்று தெரிந்தால், அதற்கான திட்டம் போடுவோம். எல்லாம் நல்லதே நடக்கும் என்று யாரும் உங்களை நம்பவைக்க மாட்டார்கள்.

கேள்வி: எதையும் செய்ய மனசே வரவில்லை. மனசு சரியானதும் எல்லாவற்றையும் ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்கிறேன். மாதக்கணக்காகிவிட்டது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். மனசு வந்தால் செய்யலாம் என்பதுதான் நம் எல்லோருடைய எண்ணமும். மனச்சோர்வில் அந்த வரிசை வேலை செய்யாது. செயல் முன்னால் போக வேண்டும், மனசு பின்னால்தான் வரும். வெளியே போகாததால் நல்லது எதுவும் நடப்பதில்லை, நல்லது நடக்காததால் இன்னும் சோர்வு, சோர்வால் இன்னும் ஒதுங்கல். இந்த வளையத்தை ஒதுங்கல் என்ற இடத்தில் வெட்டுவதுதான் செயலூக்கச் சிகிச்சை.

நடைமுறையில் இது ஒரு தாளில் தொடங்கும். இடப்பக்கம் மணிக்கணக்கு. ஒவ்வொரு மணிக்கும் என்ன செய்தோம், அப்போது மனநிலை பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். முதல் வாரத் தாளில் பெரும்பாலும் ‘படுத்திருந்தேன், 2’, ‘போன் பார்த்தேன், 2’ என்றுதான் இருக்கும். நடுவில் எங்கேயோ ‘செடிக்குத் தண்ணீர் விட்டேன், 4’ என்று ஒரு வரி இருக்கும். எழுதியவருக்கே அது கண்ணில் பட்டிருக்காது. அந்த 4ஐப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வாரத் திட்டம் போடுவோம். தினமும் காலை ஏழு மணிக்குச் செடிக்குத் தண்ணீர், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். செய்வதற்கு முன் ‘இது எவ்வளவு பிடிக்கும்?’ என்று ஊகித்து ஓர் எண், செய்த பின் ஓர் எண். ஊகம் 1, நடந்தது 4 என்று தன் கையெழுத்திலேயே நாலைந்து முறை பார்த்த பிறகு, ‘ஒன்றும் பிரயோஜனமில்லை’ என்று மனம் சொல்வதை அவ்வளவு சுலபமாக நம்பத் தோன்றாது.

எளிமையாக இருப்பதால் இதைக் குறைத்து எடைபோடாதீர்கள். இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், சிறு பயிற்சி பெற்ற இளநிலைப் பணியாளர்கள் கொடுத்த இந்தச் சிகிச்சை, தேர்ந்த சிகிச்சையாளர்கள் கொடுத்த சிபிடிக்குக் குறைந்ததாக இல்லை. நிபுணர்கள் போதாத இந்த உலகத்தில் இது எவ்வளவு பெரிய செய்தி என்று யோசித்துப் பாருங்கள். ஒரே எச்சரிக்கை: முதல் அடி மிகச் சின்னதாக இருக்கட்டும். ‘தினமும் ஒரு மணி நேரம் ஓட்டம்’ என்று தொடங்கினால் மூன்றாம் நாள் தோற்றுப்போன உணர்ச்சிதான் மிஞ்சும்.

கேள்வி: கோபத்தை அடக்கினால் உடம்புக்குக் கெடுதல், கொட்டிவிட வேண்டும் என்கிறார்களே?

பாதி சரி. முகத்தில் காட்டாமல் அடக்கினால் உள்ளே இருக்கும் வேதனை குறைவதில்லை, உடம்பின் பதற்றம் ஏறுகிறது என்று உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகள் காட்டின. ஆனால் கொட்டுவதும் மருந்தில்லை. 2002இல் வெளியான ஒரு சோதனையில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. முதலில் உடம்பு தணியட்டும். பிறகு, என்ன உணர்கிறீர்கள் என்பதைச் சம்பந்தப்பட்டவரிடம் வார்த்தையில் சொல்லுங்கள்.

கேள்வி: மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க அடிமையா?

இன்று பெரும்பாலும் தரப்படும் மனச்சோர்வு மாத்திரைகள் போதைபோல ஏங்கவைப்பவை இல்லை. பலன் முழுதாகத் தெரியச் சில வாரங்கள் ஆகும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கோளாறு வரலாம். அதனால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எவ்வளவு காலம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: அக்கா, என் நண்பன் அடிக்கடி ‘நான் இல்லாட்டி யாருக்கும் நஷ்டமில்ல’ என்கிறான். தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நானே தூண்டிவிட்டது போலாகிவிடுமோ?

ஆகாதுப்பா. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். பலருக்கு, கடைசியில் யாரோ ஒருவர் கேட்டுவிட்டார் என்ற நிம்மதிதான். சுற்றிவளைக்காமல் கேள்: ‘சாகணும்னு நினைக்கிறியா?’ ஆமாம் என்றால் பதறாதே, அறிவுரை சொல்லாதே, பேசவிடு. எப்படி, எப்போது என்று யோசித்துவைத்திருக்கிறானா என்று கேள். யோசித்திருந்தால் தனியாக விடாதே. அதற்கான பொருள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ கொண்டுசேர். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று சத்தியம் கேட்டால் கொடுக்காதே. நீ மட்டும் தாங்கக்கூடிய சுமை இல்லை இது.

கேள்வி: சிகிச்சையால்தான் குணமானது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நாளானால் தானாகவே சரியாகிவிடுமே?

பலருக்கு அப்படித்தான் ஆகிறது. மனிதர்கள் மிக மோசமான வாரத்தில்தான் உதவி தேடி வருகிறார்கள். அடுத்த மாதம் எதுவும் செய்யாமலே கொஞ்சம் தேறியிருப்பார்கள். அதனால்தான் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒப்பீடு இல்லாமல் நம்பியதால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெரிய விபத்தில் தப்பியவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததையெல்லாம் விவரமாகப் பேசவைப்பது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பலர் நன்றியும் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த ஒரே அமர்வு பின்னாளில் வரும் அதிர்ச்சிக் கோளாறைத் தடுக்கவில்லை. சில ஆய்வுகளில் அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களே மோசமாக இருந்தார்கள். நல்ல மனதோடு செய்வதும் தீங்காகலாம் என்பதால்தான் நாங்கள் இவ்வளவு கறாராக இருக்கிறோம்.

கேள்வி: இரண்டு மாதமாக ஒரு உளவியலாளரிடம் போகிறேன். மாற்றமே தெரியவில்லை. நிறுத்திவிடட்டுமா?

சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். முதலில் இதை அவரிடமே சொல்லுங்கள். என்ன முறையைப் பின்பற்றுகிறார், எந்த இலக்கு, எப்படி அளக்கிறார் என்று கேளுங்கள். சிகிச்சை பலிப்பதில் உங்கள் இருவருக்கும் இடையே உள்ள நம்பிக்கைக்குப் பங்கு உண்டு. பல நேரம் இந்தப் பேச்சுக்குப் பிறகுதான் வேலை சூடுபிடிக்கும். கேட்டதற்கே அவர் முகம் சுளித்தால் வேறொருவரைத் தேடுங்கள்.