கடைசிப் பாட்டிலேயே நிற்கிறேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். வயது 24. டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் டிவிஷனைச் சேர்ந்த ஒருவரை மூன்று வருடமாக விரும்பினேன். கொழும்புக்கு வேலைக்குப் போனவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைப்பதைக் குறைத்தார். அப்புறம் ஒருநாள், "வீட்டில் பொண்ணு பார்த்துட்டாங்க, என்னை மறந்துடு" என்று ஒரு மெசேஜ். அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு தங்கச்சிமார் இருக்கிறார்கள், வீட்டு நிலைமை அப்படி.

கடையில் கூட வேலை செய்யும் பிள்ளை, இங்கிலாந்துப் பாடகி அடேலின் '21' ஆல்பத்தை ஃபோனில் அனுப்பினாள். காதல் முறிந்த பிறகு அவர் செய்த இரண்டாவது ஆல்பம். அதன் கடைசிப் பாட்டு 'சம்வன் லைக் யூ'. பியானோவும் குரலும் மட்டும்தான். வேறொருத்தியைக் கட்டிக்கொண்டவனைத்தான் அவரும் பாடுகிறார். இரவில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த ஒரு பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், இந்தக் காம்பராவில் விம்மினால் அடுத்த காம்பராவில் கேட்கும். விடிய எழும்பி ரொட்டி சுடும்போது அம்மா என் முகத்தைப் பார்த்து, "ஏன் கண்ணு வீங்கியிருக்கு?" என்று தினமும் கேட்கிறார். தடிமன், சளி என்பேன்.

அடுத்த மாதம் தோட்டத்துக் கோவிலில் அவருக்குக் கல்யாணம். டிவிஷனே போகும். போய் வாழ்த்திவிட்டு வந்தால் மனம் ஆறுமா? பாட்டுக் கேட்பதை நிறுத்த வேண்டுமா?

பெயர் வேண்டாம், ஹட்டன்

அன்புத் தங்கச்சி,

பாட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். தனியாக அழ ஒரு மூலைகூட இல்லாத இடத்தில் அது உங்களுக்குத் துணையாக இருந்திருக்கிறது. ஆனால் நீங்கள் அந்த ஆல்பத்தின் பதினோராவது பாட்டை மட்டும் கேட்கிறீர்கள். முதல் பாட்டு 'ரோலிங் இன் த டீப்'. பிரிந்த மறுநாளே ஸ்டூடியோவில் உட்கார்ந்து எழுதியது. காலால் தரையை மிதிக்கிற மாதிரித் தாளம், குரலில் அத்தனை கோபம். நீ நன்றாக இரு என்று சொல்லும் பியானோப் பாட்டு அதற்கு அப்புறம்தான் வந்தது. 2011-இல் வெளிவந்து, அடுத்த வருடம் ஆறு கிராமி விருதுகளை வாங்கிக் கொடுத்த அந்த ஆல்பமே கோபத்தில்தான் தொடங்குகிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூடக் கோபம் இல்லை. மூன்று வருடத்தை ஒரு மெசேஜில் முடித்தவருக்காக நீங்களே காரணம் தேடிக் கொடுக்கிறீர்கள். அந்தத் தங்கச்சிமார் மூன்று வருடத்துக்கு முன்பும் இருந்தார்கள்தானே? வீட்டு நிலைமை உண்மையாகவே இருக்கட்டும், நம் மலையகத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குக் கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கோபத்தைத் தாண்டிக் குதித்து நேரே வாழ்த்த நினைப்பதால்தான் ஒரே பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எழுதுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலேயே, பதினைந்து நிமிடம், நான்கு நாள். என்ன நடந்தது, அப்போது மனம் என்ன பாடுபட்டது, இரண்டையும் சேர்த்து. 1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்களை இப்படித்தான் எழுத வைத்தார். எழுதியவுடன் அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் வைத்தியரிடம் போவது குறைந்தது. உங்களுக்கும் முதல் நாள் கனக்கலாம், பயப்படாதீர்கள். அவருக்கு அனுப்ப வேண்டாம். கிழித்து அடுப்பில் போடுங்கள். ஆல்பத்தைப் பகலில், பஸ்ஸில், முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். படுக்கைக்கு ஃபோன் வேண்டாம்.

அம்மா விஷயம். தடிமன் என்பதை அவர் நம்பியிருந்தால் மறுநாளே கேட்பதை விட்டிருப்பார். அவருக்கு ஏதோ தெரியும், நீங்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். ஏச்சு விழும் என்று பயமாக இருந்தால், முதலில் அந்தக் கடைத் தோழியிடம் சொல்லிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு நொடி தோன்றினாலும், 1926-க்கு அழையுங்கள். அது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.

சரி, கல்யாணம். போக வேண்டாம். வாழ்த்தினால் மனம் ஆறும் என்பது இப்போது உங்களுக்குப் பொருந்தாது. கடையில் லீவு தரவில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போங்கள். வீட்டுக்காக அம்மா போய் மொய் வைத்துவிட்டு வரட்டும், டிவிஷனுக்கு அது போதும்.

அன்புடன்,
அக்கா