தொடைக்கு வாங்குங்கள், இடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்: சினோஸ் கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. நான் கிருஷ்ணகிரியில் பேண்ட் வெட்டுகிறவன். இப்போதெல்லாம் புதிதாகத் தைப்பதைவிட ரெடிமேடைப் பிரித்துத் தைக்கிற வேலைதான் அதிகம். அதனால் கடையிலேயே எது சரியாக இருக்க வேண்டும், எதை மெஷினில் சரிசெய்யலாம் என்றுதான் என் பதில் போகும். சினோஸ் என்றாலே என்னவென்று கேட்டவருக்கு: பருத்தி ட்வில் துணியில் தைத்த பேண்ட். துணியை உற்றுப் பார்த்தால் சாய்வாக வரி ஓடும். ஜீன்ஸை விட மெல்லிசு, ஃபார்மல் பேண்ட் அளவுக்கு விறைப்பு கிடையாது.

தர்மபுரி, கல்லூரி மாணவர்: மாஸ்டர், நான் கபடி ஆடுகிறவன். இடுப்பு 32. ஆனால் 32 சைஸ் தொடையில் ஏறவே மாட்டேன் என்கிறது. 34 போட்டால் இடுப்பு நிற்கவில்லை. என்ன செய்வது?

34 வாங்குங்கள் தம்பி. ரெடிமேட் பேண்டின் பக்கத் தையலைப் பிரித்தால் உள்ளே அரை இஞ்ச் துணி இருந்தாலே பெரிது. அதை வைத்துத் தொடையை அகலமாக்க எந்த மாஸ்டராலும் முடியாது. இடுப்பு அப்படியில்லை. பின்பக்க நடுத்தையலில் ஒன்றரை இஞ்ச் வரை பிடித்தால் வெளியே தெரியாது. இரண்டு இஞ்சைத் தாண்டினால் பின்பாக்கெட் இரண்டும் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும், பார்க்கச் சகிக்காது. அதற்கு மேலும் குறைக்க வேண்டுமென்றால் இடுப்புப் பட்டியைக் கழற்றிப் பக்கங்களிலும் பிடிக்க வேண்டும். கூலி கூடும், சில பேண்டுக்கு அந்தக் கூலி தண்டம்.

ட்ரையல் ரூமில் இப்படிப் பாருங்கள். நேராக நின்று, கவட்டைக்கு ஒரு இஞ்ச் கீழே தொடைத் துணியைக் கிள்ளுங்கள். முக்கால் இஞ்ச் மடிப்பு கையில் வந்தால், சுற்றளவில் ஒன்றரை இஞ்ச் லூஸ் இருக்கிறது. அது போதும். அப்புறம் கண்ணாடியைப் பாருங்கள். கவட்டையிலிருந்து தொடைக்குக் குறுக்குக் கோடு இழுத்தால் டைட். பக்கப் பாக்கெட்டின் வாய் பிளந்து நின்றால் சீட், அதாவது பேண்டின் பின்பக்கம், பற்றவில்லை. சீட்டுக்குக் கீழே துணி செங்குத்தாகத் தொங்கினால் லூஸ். கடைசியாகக் குந்தி உட்கார்ந்து எழுந்திருங்கள். கடைக்காரப் பையன் சிரித்தால் சிரிக்கட்டும். நின்று மட்டும் பார்த்து வாங்கிய பேண்ட்தான் மறுவாரம் என் டேபிளுக்கு வருகிறது.

ஸ்கின்னி என்று எழுதியிருப்பதன் பக்கமே போகாதீர்கள். மேலே இடம் விட்டு முழங்காலுக்குக் கீழே குறுகுகிற ‘டேப்பர்’ கட் உங்கள் காலுக்குப் பொருந்தும்.

காவேரிப்பட்டணம், வியாபாரி, வயது 47: எனக்குத் தொப்பை. பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நாள் முழுக்கத் தூக்கிவிட்டுக்கொண்டே இருக்கிறேன். பெல்ட்டை இறுக்கினாலும் பயனில்லை. எனக்கெல்லாம் சினோஸ் எடுபடுமா?

நன்றாகவே எடுபடும் அண்ணே. ஒன்று கேட்கிறேன், வேட்டியை எங்கே கட்டுகிறீர்கள்? தொப்புளை ஒட்டித்தானே? அது அவிழ்ந்து விழுவதில்லை, தொப்பையும் துருத்திக்கொண்டு தெரிவதில்லை. அதே ஆள் பேண்ட் போடும்போது மட்டும் நான்கு விரல் கீழே இறக்கித் தொப்பைக்கு அடியில் பெல்ட் போடுகிறார். அங்கே பிடிமானமே கிடையாது. வயிறு மேலிருந்து அழுத்த அழுத்த முன்பக்கம் சரியும், கவட்டை தொங்கும், கால் குட்டையாகத் தெரியும். தொப்பையும் பட்டிக்கு மேலே வழிந்து இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். இதற்கு சைஸைக் குறைத்து 36-க்குள் உடம்பைத் திணிக்கிறவர்கள்தான் அதிகம். எனக்கு இதில்தான் கோபம் வரும். லேபிளில் இருக்கிற நம்பரை யாரும் உங்கள் முதுகில் ஒட்டிப் பார்க்கப் போவதில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது ரைஸ். கவட்டையில் நான்கு தையலும் சேருகிற இடத்திலிருந்து முன்பக்கப் பட்டியின் மேல் விளிம்பு வரைக்கும் உள்ள நீளம். கடைகளில் தொங்குகிற ஸ்லிம் சினோஸில் இது 9, 10 இஞ்ச்தான் இருக்கும். உங்களுக்கு 11, கொஞ்சம் உயரமானவர் என்றால் பதினொன்றரை வேண்டும். ‘ரெகுலர்’, ‘கம்ஃபர்ட்’ கட்டில் தேடினால் கிடைக்கும். முன்னால் ஒரு ப்ளீட் வைத்தது கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ப்ளீட் கிழவர் பேண்ட் என்று பையன்கள் கேலி செய்வார்கள். உட்காரும்போது விரிந்து கொடுப்பது அந்த மடிப்புதான், வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே துணி நேராக விழுவதும் அதனால்தான்.

சைஸை வயிற்றுக்கு எடுத்தால் தொடையும் பாட்டமும் (பேண்ட் காலின் அடி விளிம்பு) தொளதொளவென்று வரும். பரவாயில்லை, அதை உள்பக்கத் தையலில் பிடித்துவிடலாம். பாட்டம் மட்டும் ரொம்பக் குறுக்க வேண்டாம். மேலே அகலம், கீழே 12 இஞ்ச் என்றால் பம்பரம் மாதிரி இருக்கும். சுற்றளவு 15 இஞ்ச் வைத்தால் வயிறும் காலும் ஒன்றுக்கொன்று ஈடு கொடுக்கும். இன்னொன்று, முன்பாக்கெட்டில் போன், சாவிக்கொத்து, பணக்கட்டு எல்லாவற்றையும் அடைத்தால் என்ன கட் போட்டாலும் இடுப்பு அகலமாகத்தான் தெரியும்.

ஓசூர் சிப்காட், ஷிப்ட் வேலை: தினமும் பைக்கில் போய் வருகிறேன். எந்த சினோஸ் வாங்கினாலும் கவட்டையில் கிழிகிறது. தையல் மோசமா, துணி மோசமா?

கிழிந்தது எங்கே என்று பாருங்கள் நண்பரே. தையல் மட்டும் விட்டிருந்தால் சீட் டைட். காலைத் தூக்கி வண்டியில் போடும்போது தையல் தாங்காமல் விடுகிறது. அதை இரட்டைத் தையல் போட்டு நிறுத்தலாம். தையலுக்குப் பக்கத்தில் துணியே நைந்து ஓட்டை விழுந்திருந்தால் அது உரசல். உள்தொடை இரண்டும் ஒன்றோடொன்றும், வண்டி சீட்டோடும் நாள் முழுக்க உரசுகிறது. ரொம்ப மெல்லிய துணியில், அதுவும் ஸ்ட்ரெட்ச் அதிகம் கலந்திருந்தால், சீக்கிரமே போய்விடும்.

ஸ்ட்ரெட்ச் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வண்டி ஓட்டுகிறவருக்கு 98 சதவீதம் பருத்தி, 2 சதவீதம் எலாஸ்டேன் (இழுபடுகிற நூல்) நல்ல கலவை. துணிதான் கனமாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கியவுடனே, கிழிவதற்கு முன்பே, உள்பக்கம் கவட்டையில் அதே நிறத் துண்டுத் துணி ஒன்றை வைத்து அடித்துத் தரச் சொல்லுங்கள். சின்ன வேலைதான். கிழிந்த பிறகு வந்தால் ஓட்டையை நூலால் அடைத்து ரஃபு அடிக்க வேண்டும், அது வெளியே தெரியும்.

கவட்டை கீழே தொங்குகிற பேண்டும் இதே மாதிரி கிழியும். லூஸாக இருப்பது கிழியாது என்று நினைக்காதீர்கள்.

பாலக்கோடு: உயரம் 5 அடி 3 அங்குலம். எந்தப் பேண்ட் வாங்கினாலும் கீழே நான்கு இஞ்ச் வெட்ட வேண்டியிருக்கிறது. வெட்டியதும் ஷேப் போய்விடுகிறது. ஏன்?

முழங்கால் இடம் மாறிவிடுவதால். உயரமானவருக்கு வெட்டிய பேண்டில் முழங்கால் கொஞ்சம் கீழேயும், அதற்கும் கீழே பாட்டம் குறுகியும் இருக்கும். அடியில் நான்கு இஞ்சை வெட்டினால் அந்தக் குறுகின பகுதிதான் போகிறது. மிச்சம் இருப்பது அகலமான கால். அதனால் நீளத்தை வெட்டும்போதே முழங்காலிலிருந்து பிடித்து பாட்டத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்களுக்கு 13, பதிமூன்றரை போதும். பேண்ட் ஷூவின் மேல் லேசாகத் தொட்டு நிற்கட்டும், மடிப்பு விழக் கூடாது. அடியில் மடித்துவிட்டுக்கொள்கிற ஸ்டைலும் வேண்டாம், காலைக் குறுக்கே வெட்டிக் காட்டும்.

முக்கியமானது: ஒரு தடவை துவைத்துக் காயவைத்த பிறகு வெட்டக் கொடுங்கள். பருத்தி 3 சதவீதம் சுருங்கினாலே 30 இஞ்ச் காலில் கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் போய்விடும்.

அரூர்: காக்கி கலர் சினோஸ் ஆசைப்பட்டு வாங்கினேன். ஸ்டேஷனிலிருந்து வருகிறீர்களா என்று கேட்கிறார்கள் அண்ணா.

கேட்கத்தான் செய்வார்கள். நம் ஊரில் காக்கி என்றால் போலீஸ், ஆட்டோ. ஆனால் இந்தப் பேண்டின் பூர்வீகமும் படைதான். 1846-ல் ஆங்கிலேயர் பெஷாவரில் தொடங்கிய கைட்ஸ் படையினர் உடுத்திய நிறம் காக்கி. பிறகு அமெரிக்க ராணுவமும் காக்கி ட்வில் பேண்டை எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து கல்லூரிக்குப் படிக்கப் போன சிப்பாய்கள் அதையே போட்டுக்கொண்டு போனதில் ஊருக்குள் பரவியது.

உங்கள் பேண்ட் அடர் காக்கியாக இருக்கும். அதோடு பழுப்பு, சந்தன நிறச் சட்டை போட்டால் சீருடைதான். வெள்ளை, வெளிர் நீலம், கருநீலம் போட்டுப் பாருங்கள். சட்டையை இன் செய்யாமல் விடுங்கள், பிரவுன் பெல்ட்டும் சிவப்பு ஷூவும் சேர்த்துப் போடவே போடாதீர்கள்.

பென்னாகரம்: சித்திரை வெயிலில் சினோஸ் போட முடியுமா? ஓசூரில் இருக்கிற என் மச்சான் வருடம் முழுக்கப் போடுகிறார்.

ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அவருக்கு என்ன! ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. 200-ஐ ஒட்டி இருந்தால் வெயிலுக்கு ஆகும். 280, 300 எல்லாம் மார்கழிக்கு. கடையில் இதை எழுதிவைப்பதில்லை, ஒற்றைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் லேசாக ஊடுருவினால் மெல்லிசு. வெளிர் நிறத்தில் அந்த அளவு மெல்லிசு வாங்கினால் உள்ளே பாக்கெட் துணி வெளியே தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேன்கனிக்கோட்டை, இல்லத்தரசி: வீட்டுக்காரருக்கு ஆன்லைனில் ஆர்டர் போடுகிறேன். ஒரு கம்பெனி 34 சரியாக இருக்கிறது, இன்னொன்றின் 34 விழுகிறது. எதை நம்புவது?

எதையும் நம்பாதீர்கள் அம்மா, இஞ்ச் டேப்பை நம்புங்கள். 34 என்று போட்டிருக்கிற பட்டியை அளந்தால் 35, 36 கூட வரும். வாங்குகிறவர் மனம் குளிரட்டும் என்று சில கம்பெனிகள் அப்படி வைக்கின்றன. அவரிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்துகிற பேண்டைத் தரையில் பரப்பி, பட்டி, தொடை, முன் ரைஸ், உள்கால் நீளம், பாட்டம் ஐந்தையும் அளந்து போனில் குறித்து வையுங்கள். ஆன்லைனில் உடம்பு அளவு அட்டவணை, துணி அளவு அட்டவணை என்று இரண்டு இருக்கும். துணி அளவைத்தான் ஒப்பிட வேண்டும். அது போடாத கடையில் பேண்ட் வாங்காதீர்கள்.

மொரப்பூர்: போர் தண்ணியில் துவைத்தால் கருநீல சினோஸ் வெளுத்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறது.

அந்தக் கோட்டில் பாதி சாயம் போனது இல்லை, சோப்புத்தூள் படிவு. உப்புத் தண்ணியில் நுரை வராது, நாம் இன்னும் தூள் போடுவோம், அலசினாலும் போகாது. தூளைக் குறைத்து, இரண்டு முறை அலசுங்கள். உள்பக்கம் திருப்பித் துவைத்து, திருப்பியபடியே நிழலில் போடுங்கள். பிரஷ் வேண்டவே வேண்டாம்.

ஊத்தங்கரை, பள்ளி ஆசிரியர்: பள்ளிக்குப் போடலாமா சார்?

தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-ல் வந்த உடை உத்தரவில் ஆண்களுக்கு ஃபார்மல் பேண்ட், வேட்டி என்று இருந்தது. உங்கள் தலைமையாசிரியர் எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும். கருநீலமோ அடர் சாம்பலோ எடுத்து, வெளியே தெரிகிற மாற்று நிறத் தையல் இல்லாமல், நடுவில் ஒரு கோடு இஸ்திரி போட்டால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். கார்கோ பாக்கெட் வைத்ததைப் போட்டுக்கொண்டு போய் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

பர்கூர்: எங்கள் ஊரில் துணிக்கு என்ன பஞ்சம்! பிட் எடுத்துத் தைத்துவிட்டால் நல்லதுதானே?

நல்லதுதான், சொல்லித் தைத்தால். 58 இஞ்ச் பன்னாவில் (துணியின் அகலம்) 1.30 மீட்டர் எடுங்கள், வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடுங்கள். நம் பக்கத்து மாஸ்டர்களுக்குக் கை ஃபார்மல் பேண்டில் பழகியது, சும்மா கொடுத்தால் அதையே பருத்தியில் தைத்துத் தருவார்கள். பொருந்துகிற சினோஸ் ஒன்றை மாதிரிக்குக் கூடவே கொடுத்துவிடுங்கள். பின் நடுத்தையலில் ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். ஆடி மாதம் இளைத்து, கல்யாண மாதத்தில் பெருக்கிறவர்களுக்கு அது உதவும். துணியில் கொஞ்சம் ஸ்ட்ரெட்ச் இருந்தால் சீட்டில் உடம்பு அளவைவிட ஒன்றரை இஞ்ச் லூஸ் போதும். முழுப் பருத்தி என்றால் இரண்டரை, மூன்று வேண்டும்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்: ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறேன். எந்தக் கலர்?

நம் செம்மண் ரோட்டுக்கு வெள்ளையும் க்ரீமும் கட்டாது. கருநீலம் எல்லோருக்கும் சொல்கிறேன், ஆனால் ஏற்கெனவே நீல ஜீன்ஸ் இரண்டு வைத்திருப்பீர்கள். ஆலிவ் பச்சை எடுங்கள், கறுப்பு, பிரவுன் எந்தச் செருப்புக்கும் சேரும். பச்சைச் சட்டைக்கு மட்டும் வேண்டாம்.