ஈசிஜி நார்மல், ஆனாலும் படபடப்பில் விரல்கள் மடங்குவது ஏன்?

படபடப்பு வரும்போது விரல்கள் மரத்து மடங்குகின்றன, வீட்டில் 'மனப்பிரமை' என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். விரல் இப்படி மடங்கிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதயம் அல்ல, மூச்சு. ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) நார்மல், வாயைச் சுற்றிச் சுருசுருப்பு, அரைமணிக்குள் தானாக அடங்குகிறது என்கிறீர்கள். பேனிக் அட்டாக், அதாவது திடீரென வரும் கடும் பயம், இப்படித்தான் வரும்.

பயத்தில் நம்மை அறியாமல் வேகவேகமாக மூச்சு வாங்குவோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து காரத்தன்மை கூடும். கால்சியம் அயனி குறையும். அதனால் நரம்புகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு விரல்களை இழுக்கும். மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் தலையும் சுற்றும். ஆகவே வீட்டில் சொல்வதுபோல் இது 'மனப்பிரமை' இல்லை. உடம்பில் நிஜமாகவே நடப்பது.

அடுத்த முறை வந்தால்:

1. உட்கார்ந்து, மூக்கால் 4 எண்ணும்வரை மெதுவாக மூச்சை இழுங்கள்.
2. 6 எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் தொடருங்கள்.

விரல் தளர்ந்தால் காரணம் மூச்சுதான் என்று ஓரளவு உறுதி. பக்கத்தில் இருப்பவர் "நல்லா இழுத்து விடு" என்பார், கேட்காதீர்கள். மூச்சை ஆழமாக இழுக்க இழுக்க விரல் மடங்குவது கூடும். காகிதப் பைக்குள் மூச்சு விடுவதும் வேண்டாம், ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் ஆபத்து.

டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை), ஹீமோகுளோபின், கால்சியம் பார்த்தீர்களா? தைராய்டு அதிகமானாலும் இதே படபடப்பு வரும். நடக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், ஒரு பக்கம் மட்டும் மரத்தல் என்றால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மெடிக்கலில் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், பழகிவிடும். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.