‘இது சிவில் மேட்டர்’ என்று போலீஸ் அனுப்பிவிட்டால்…

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் சுவரை ஒட்டி நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி கட்டினார். அது கசிந்து, நான் தையல் கடை வைத்திருக்கும் முன்னறைச் சுவர் முழுக்க ஓதம். பூச்சு உதிர்கிறது. வாடிக்கையாளர்களின் பட்டுத்துணிகள் கறையாகி, என் கையிலிருந்து பணம் கொடுத்தேன். கேட்டால் “பார்க்கலாம்” என்கிறார். போலீஸிலோ “இது சிவில் மேட்டர்மா” என்று அனுப்பிவிட்டார்கள். இதற்கிடையில் அவருடைய மருமகளும் தையல் கடை திறந்து, குறைந்த கூலிக்குத் தைக்கிறார். என் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். இரண்டுக்கும் நஷ்டஈடு கேட்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: மருமகள் கடையை விட்டுவிடுங்கள். அதில் வழக்கு நிற்காது. இங்கிலாந்தில் 1410-லேயே இப்படி ஒரு வழக்கு நடந்தது. குளோஸ்டர் நகரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போட்டியாக இன்னொருவர் பள்ளி திறந்தார். பழைய ஆசிரியர்கள் 40 பென்ஸ் கட்டணத்தை 12 பென்ஸாகக் குறைக்க வேண்டியதாயிற்று. நஷ்டம் உண்மைதான், ஆனால் அவர்களுடைய சட்ட உரிமை எதுவும் மீறப்படவில்லை என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. நேர்மையான போட்டியால் வரும் நஷ்டத்துக்கு இன்றைக்கும் அதுதான் பதில்.

தொட்டி விஷயம் அப்படியல்ல. ‘சிவில் மேட்டர்’ என்று போலீஸ் சொன்னதை ‘உங்களுக்கு வழக்கே இல்லை’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேண்டுமென்றோ, கெடும் என்று தெரிந்தோ உங்கள் சொத்தைக் கெடுத்திருந்தால்தான் அது குற்றம். குற்ற வழக்கை அரசு நடத்தும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாக வேண்டும். சிவிலில் வாதி நீங்களே. இரு தரப்பில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று எடைபோட்டுத்தான் தீர்ப்பு. உங்களுக்கு இதுவே சுலபமான வழி என்பேன்.

ஒப்பந்தம் எதுவும் இல்லாத இருவருக்குள், ஒருவர் செயலாலோ அசட்டையாலோ மற்றவருக்கு வரும் கேட்டுக்கு இழப்பீடு தருவதுதான் தீங்கியல் சட்டம். இந்தியாவில் இதற்கென்று தனியாக ஒரு சட்டப் புத்தகம் கிடையாது. பெரும்பாலும் தீர்ப்புகளிலிருந்து வளர்ந்தது. உங்களுக்கு இதில் இரண்டு பிடி இருக்கிறது. ஒன்று கவனக்குறைவு: கசிவைச் சொன்ன பிறகும் அவர் சரிசெய்யவில்லை. இன்னொன்று, உங்கள் வீட்டை நீங்கள் நிம்மதியாகப் பயன்படுத்த முடியாமல் செய்யும் தொல்லை.

தேக்கிய தண்ணீர் வெளியேறிக் கேடு செய்தால், தேக்கினவர் தப்பே செய்யாவிட்டாலும் பொறுப்பு என்று 1868-ல் இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ் வழக்கில் ஒரு விதி பிறந்தது. யாராவது அதைக் காட்டி ஆசை காட்டினால் நம்பி இறங்காதீர்கள். 1874-லேயே நம் பக்கத்து வழக்கு ஒன்றில் அது எடுபடவில்லை. கார்வேட்டிநகர ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமானதற்குச் சென்னை ரயில்வே கம்பெனி வழக்குப் போட்டுத் தோற்றது. விவசாயத்துக்கு அவசியமான பழைய ஏரிகள் அவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, அவர் அசட்டையாக இருந்தார் என்று காட்டவில்லை என்பது காரணம். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் சாதாரண உபயோகம்தான். ஆகவே அசட்டையைக் காட்டுங்கள்.

அதற்கு வாய்ப்பேச்சு போதாது. தேதி தெரியும்படி சுவரைப் படமெடுங்கள். துணிக்குப் பணம் கொடுத்ததற்கு ரசீதோ, வாடிக்கையாளரின் எழுத்தோ வாங்குங்கள். ஒரு சிவில் இன்ஜினியரிடம் கசிவு எங்கிருந்து வருகிறது என்று எழுதி வாங்கிவிடுங்கள். வழக்கே இதில்தான் நிற்கும். உங்கள் குழாயே கசிகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லலாம் அல்லவா? அப்புறம் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ். இனி “எனக்குத் தெரியாது” என்று அவர் சொல்ல முடியாது. பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் முன்சீப் கோர்ட்டில் வழக்கு. பணம் மட்டும் கேட்காதீர்கள். தொட்டியைச் சரிசெய்யச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளையையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லையென்றால் இழப்பீடு வாங்கிய கையோடு அடுத்த மழைக்கும் சுவர் நனையும். கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் நேரில் வந்து பார்க்கும்படி மனுவும் போடலாம். இழப்பீடு கேட்க பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. கசிவு தொடரும்வரை கெடுவும் புதிதாக ஓடிக்கொண்டிருக்கும் என்றாலும், கறையான துணிக்கு அந்தச் சலுகையை நம்பி உட்கார வேண்டாம். துணிகளையும் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். தெரிந்தே நனையவிட்டால் அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான்.

செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்தில் (சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்தில்) பேசவும் அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். அங்கே எழுதும் சமரசம் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் ‘தொட்டியைச் சரிசெய்கிறேன்’ என்பதோடு விடாமல், எந்தத் தேதிக்குள், யார் செலவில், உங்கள் சுவர்ப் பூச்சுக்கு யார் பணம் என்பதையும் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.