பார்சல் கொண்டுவரும் கூரியர் ஊழியர்கள் அன்றாடம் என்னென்ன சிரமப்படுகிறார்கள்? நாம் அவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதினொரு மாதங்கள் நானே இந்த வேலையைச் செய்தவன் என்பதால் பதில் சொல்லத் துணிகிறேன். 2021 ஜூலை முதல் 2022 மே முடியும்வரை தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் வட்டாரத்தில் வீடு வீடாகப் பார்சல் கொடுத்துவந்தேன். அதற்கு முன் ஓர் அச்சகத்தில் கணக்கராக இருந்தேன். ஊரடங்கில் கல்யாணப் பத்திரிகை வேலை நின்றது, பிறகு அச்சகமும் மூடப்பட்டது. கேள்வி கேட்டவர், வீட்டுக்கு வந்த ஊழியரைத் தம் தந்தை வாசலில் நிற்கவைத்துத் திட்டியதைக் குறிப்பிட்டு, தாமதமாக வந்தால் கோபம் வருவது இயல்புதானே என்றும் கேட்டிருக்கிறார். இயல்புதான். ஆனால் அந்தத் தாமதம் எங்கே உண்டாகிறது என்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியும், கதவைத் திறப்பவருக்குத் தெரியாது.

காலை ஆறரை மணிக்கு ஹப்பில் இருக்க வேண்டும். ஹப் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் வேலை பார்த்தது தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அதில் இரண்டு மின்விசிறிகள், ஒரு எடைமேடை. லாரியில் வந்த மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, ரூட் வாரியாக ஒதுக்கி, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து பையில் அடுக்கி முடிக்க ஒன்பது மணி ஆகிவிடும். இந்த இரண்டரை மணி நேர வேலைக்குக் கூலி கிடையாது. ஒப்பந்ததாரரிடம் எனக்குப் பேசப்பட்டது, கொடுத்து முடித்த பார்சல் ஒன்றுக்கு 14 ரூபாய்; கொடுக்க முடியாமல் திரும்ப வந்ததற்கு ஒன்றும் இல்லை. பெட்ரோல், பஞ்சர், ஆயில், போன் ரீசார்ஜ் எல்லாம் என் கைக்காசு.

அடுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. கடைசியாகக் கொடுக்க வேண்டியது பையின் அடியில் போக வேண்டும், முதலில் கொடுக்க வேண்டியது மேலே இருக்க வேண்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் முகவரி கண்ணுக்கே தெரியாத சின்ன எழுத்தில் இருக்கும் என்பதால், கறுப்பு மார்க்கரால் வீட்டு எண்ணைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு குறியும் போட்டுக்கொள்வோம். என் பெட்டிகளில் 'நா' என்றால் நாய் இருக்கிறது; 'மா3' என்றால் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை; 'போ' என்றால் போன் எடுக்க மாட்டார். மிகுதியாக எழுதிய குறி 'போ'தான்.

முகவரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாதி நாள் அதிலேயே போய்விடும். சென்னை நகருக்குள் பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு எண்கள். புறநகரிலோ மனை பிரித்து விற்றபோது கொடுத்த எண் ஒன்று, பின்னால் வரி போட்டபோது வந்த கதவு எண் வேறொன்று. இதில், மனையையும் 'பிளாட்' என்கிறோம், அடுக்ககத்து வீட்டையும் 'பிளாட்' என்கிறோம். 'பிளாட் நம்பர் 7' என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஏழாவது மனையா, ஏதோ ஓர் அடுக்ககத்தின் ஏழாவது வீடா என்று தெரு முழுக்க விசாரிக்க வேண்டியதுதான். அடுத்தடுத்து நான்கு நகர்கள், நான்கிலும் பாரதியார் தெரு. 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, கடிதத்தை உரிய அஞ்சலகம் வரை சேர்ப்பதற்காக ஏற்பட்டது. அதன் கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தைக் காட்டுமே தவிர, தெருவைக் காட்டாது. அங்கிருந்து நம் வீட்டு வாசல்வரை கொண்டுவந்தது தபால்காரரின் ஞாபகசக்தி. பல வருடங்கள் ஒரே பகுதியில் சுற்றியவருக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது, நமக்கும் அவர் பெயர் தெரிந்திருந்தது, பொங்கலுக்கு இனாம் கொடுத்தோம். கூரியர் ஊழியருக்கு மூன்று மாதத்தில் ரூட் மாறும், அல்லது அவரே வேலையை விட்டுவிடுவார். அவருக்கு அந்தத் தெருவும் புதிது, அந்தத் தெருவுக்கு அவரும் புதிது.

ஆகவே போன்தான் வழி. செயலி மூலம் அழைக்கும்போது எங்கள் எண் தெரியாமல் வேறு ஏதோ ஓர் எண் திரையில் விழும். கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பாக இருக்கும் என நினைத்துப் பலர் துண்டித்துவிடுவார்கள். எடுத்தவர்களில் சிலர், 'லொகேஷன் போட்டிருக்கேனே, பார்த்து வரத் தெரியாதா' என்பார்கள்; அவர்கள் போட்டிருக்கும் லொகேஷன், அலுவலகத்தில் உட்கார்ந்து ஆர்டர் செய்தபோது விழுந்த தரமணி லொகேஷனாக இருக்கும். வீட்டைக் கண்டுபிடித்து மணி அடித்த பிறகு, ஓடிபி வந்த போன் மகனிடம் இருக்கும், மகன் கல்லூரியில் இருப்பான்.

இதில் ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் என் பையில் 65 பார்சல்கள். ஒன்றுக்கு மூன்று நிமிடம் கூடினால் மொத்தம் மூன்றேகால் மணி நேரம். நான்கு மணிக்கு வந்திருக்க வேண்டியவன் ஏழேகாலுக்கு வந்து நிற்பேன். அறுபது வீடுகளில் சேர்ந்த தாமதத்துக்கான திட்டு முழுவதையும் அறுபத்தொன்றாவது வீட்டில் வாங்கிக்கொள்வேன்.

அடுக்ககங்களில் வேறு வகை. வண்டியை உள்ளே விட மாட்டார்கள். வாயிற்காப்பாளரிடம் பெயர், எண், நேரம் எழுதிவிட்டு, சர்வீஸ் லிஃப்ட்டுக்குக் காத்திருந்து ஏற வேண்டும். லிஃப்ட்டில் யாரோ ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்கு அவ்வளவாக உறைத்ததில்லை. நான்காம் மாடியில் நின்றுகொண்டு, தெருவில் விட்டுவந்த பையில் இருக்கும் மற்ற நாற்பது பெட்டிகளை நினைத்துத்தான் வயிறு கலங்கும். ஒன்று தொலைந்தாலும் அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு ஒருமுறை 1,900 ரூபாய் போனது, இரண்டு நாளுக்கும் மேலான உழைப்பு. அதனால்தான் நாங்கள் மணி அடித்துவிட்டுப் பரபரக்கிறோம். அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

திரும்பக் கொடுக்கும் பொருளை வாங்கும்போது, நிறம், அளவு, விலைச்சீட்டு எல்லாம் செயலியில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பார்க்காமல் வாங்கினால் பொறுப்பு எங்கள் தலையில். 'என்னைச் சந்தேகப்படுறியா' என்று என்னைவிடப் பத்து வயது இளையவர் ஒருமையில் கேட்டபோது, பதில் சொல்ல நேரமில்லாமல் புடவையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒருமையைப் பற்றி ஒரு வார்த்தை: 'அண்ணா' என்று கூப்பிட வேண்டியதில்லை, 'சார்' வேண்டவே வேண்டாம். 'எங்கே இருக்கீங்க' என்று கேட்டால் போதும். 'ஏய் கூரியர்' என்று மாடியிலிருந்து குரல் வரும்போது, நாற்பது வயதை நெருங்குபவன் தெருவில் நின்று நிமிர்ந்து பார்க்கிறான் என்பது கூப்பிடுபவருக்குத் தோன்றுவதில்லை.

தமிழ்நாட்டில் தீபாவளி விற்பனையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வரும். 2021-இல் தீபாவளி நவம்பர் 4. அதற்கு முந்தைய பத்து நாள்கள் என் பையில் 65 அல்ல, நூற்றுக்கு மேல். சென்னையில் பெட்ரோல் லிட்டர் 106 ரூபாயைத் தாண்டியிருந்தது. மத்திய அரசின் 5 ரூபாய் வரிக் குறைப்பு தீபாவளியன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 6 இரவு தொடங்கிய மழை, மறுநாள் ஞாயிறு காலைக்குள் சென்னையில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்து தீர்த்தது. ஓரிரு நாள் கழித்து, தண்ணீர் வடியாத தெருக்களில் தேங்கிய பார்சல்களோடு எங்களை அனுப்பினார்கள்.

மழையில் பெட்டியைக் காப்பாற்றப் பாலிதீன் உறை இருக்கிறது. போனைத்தான் காப்பாற்ற முடியாது. திரை நனைந்தால் விரல் வைத்த இடம் வேலை செய்யாது; மழைத்துளி விழுந்த இடம் வேலை செய்யும். ஓடிபியின் நான்கு இலக்கங்களை ஏழு முறை அடித்திருக்கிறேன். அன்று தண்ணீருக்கடியில் தெரியாத ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி, முழங்கால் கிழிந்தது. அடுத்த வீட்டுக்காரர் பெட்டியின் ஈரமான மூலையை இரண்டு படம் எடுத்துக்கொண்டு, புகார் எழுத என் பெயரைக் கேட்டார். பேன்ட்டில் இறங்கியிருந்த ரத்தத்தை அவர் கவனிக்கவில்லை. கவனித்தும் பேசாமல் இருந்தார் என்று எண்ண எனக்கு மனமில்லை.

அதே மாலை, மாடம்பாக்கம் சாலையில் ஒரு வீட்டில் அறுபது வயது அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். பெட்டியை வாங்கவில்லை, உள்ளே போய் ஒரு காய்ந்த துண்டைக் கொண்டுவந்து நீட்டினார். தலையைத் துவட்டப்போன என்னிடம், 'முதல்ல போனைத் துடைங்க தம்பி, நான் நம்பர் சொல்றேன்' என்றார். அவர் மகனும் இதே வேலையில் இருந்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. பதினொரு மாதத்தில் எத்தனையோ பேர் மோர் கொடுத்தார்கள், பழம் கொடுத்தார்கள், தீபாவளிக்குப் பலகாரப் பொட்டலம் கொடுத்தார்கள். எல்லாமே நன்றியோடு நினைவில் இருக்கின்றன. ஆனாலும் அந்தத் துண்டைப்போல எதுவும் இல்லை. எனக்கு அந்த நிமிடத்தில் எது தடையாக இருந்ததோ, அதைச் சரியாகப் பார்த்தவர் அவர்.

உபசாரம் என்பதில் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அன்பாக வற்புறுத்துபவர்களிடமிருந்து கழன்றுகொள்வது கடினம். மறுத்தால் முகம் வாடும், உட்கார்ந்தால் பத்து நிமிடம் போகும். தவிர, இந்த வேலையில் தண்ணீர் குடிப்பதே யோசித்துச் செய்ய வேண்டிய காரியம், ஏனென்றால் கழிவறை கிடையாது. பெட்ரோல் பங்க் ஒன்றுதான் கதி. கத்திரி வெயிலிலும் அளந்து குடித்துவிட்டுச் சிறுநீர்க் கடுப்போடு வண்டி ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். எங்கள் ஹப்பில் இருந்த ஒரே பெண் ஊழியர் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டதற்கு இது முக்கியக் காரணம். 2025-இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இணையவழிச் சேவைத் தொழிலாளர்களுக்காகக் கழிவறையுடன் குளிரூட்டிய ஓய்வறை திறந்தது என்ற செய்தியைப் படித்தபோது, அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இணையவழிச் சேவைத் தொழிலாளர்களை முதன்முறையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் அவர்கள் நலனுக்காகச் செலுத்த வேண்டும் என்றது. அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. தமிழ்நாடு 2023-இல் இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. நல்லவைதான். ஆனால் ஒப்பந்ததாரருக்குக் கீழே, சம்பளச் சீட்டுகூட இல்லாமல், பார்சல் கணக்கில் கூலி வாங்குபவர் தம்மை யாருடைய தொழிலாளி என்று சொல்லிக்கொள்வது என்பது நான் இருந்தபோதும் விளங்கவில்லை.

ஊழியர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் வாதாட வரவில்லை. வீட்டுப் பக்கமே வராமல் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று பதிவிடுபவர்கள் இருக்கிறார்கள். இரவு ஒன்பதரைக்கு, இன்னும் ஏழு பெட்டிகள் மீதியிருக்க, நானும் இரண்டொரு முறை அப்படிச் செய்திருக்கிறேன். அப்படி நடந்தால் செயலியில் புகார் எழுதுங்கள், அது உங்கள் உரிமை. பொருள் உடைந்திருந்தாலும் நிறுவனத்திடமே கேளுங்கள்; பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதே கொண்டுவருபவருக்குத் தெரியாது.

மற்றபடி எப்படி நடந்துகொள்வது என்றால், அவருடைய மூன்று நிமிடத்தை மிச்சப்படுத்துங்கள் என்பேன். பார்சல் வரும் நாளில் தெரியாத எண்ணாக இருந்தாலும் போனை எடுங்கள். முகவரியில் மனை எண்ணா, வீட்டு எண்ணா என்பதையும், கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தையும் ஒருமுறை உட்கார்ந்து திருத்தி எழுதிவிடுங்கள். ஓடிபியை வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவையுங்கள். நாயைக் கட்டுங்கள், 'ஒண்ணும் செய்யாது' என்ற உத்தரவாதம் எங்கள் கணுக்காலுக்குப் போதாது. முடிந்தால் கீழே இறங்கி வாருங்கள். முடியாத முதியவர்களுக்கும் வழி உண்டு: ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர் பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய மஞ்சப்பையை இறக்குவார், பெட்டியைப் போட்டதும் இழுத்துக்கொண்டு மேலிருந்து கையசைப்பார்.

இப்போது நான் வேறோர் அலுவலகத்தில் மீண்டும் கணக்கு எழுதுகிறேன். இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். பார்சல் வரும் என்று தெரிந்தால், போன் வந்ததும் நானோ மனைவியோ கேட்டுக்குப் போய் நின்றுவிடுவோம். போன வாரம் வந்த பெட்டியில், வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் மார்க்கரால் 'கே' என்று எழுதியிருந்தது. எங்கள் காலத்துக் குறிகளில் அப்படி ஒன்று இல்லை. என்னவென்று கேட்டேன். 'கேட்லயே நிப்பீங்கள்ல சார், அதான்' என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.